நிவாரணப் பணமும் மருத்துவமனைக் கணக்கும்

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைகள் பெரும்பாலும் காகிதத்தோடு மடிந்து கோப்புக்குள் போய்விடும். எப்போதாவது ஒன்று மட்டும் வெளியே வந்து, அதைச் செய்தவனையே தேடிப் பிடித்துக் கேள்வி கேட்கும். எனக்கு அப்படி நேர்ந்தது 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டிருந்தது. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்த செய்தி தில்லியில் இருந்த நம்மவர்களுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. நிவாரண உதவி பற்றிய ஓர் ஆங்கிலக் குறிப்பு என் மேஜைக்கு வந்தது. இத்தனை கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தரப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். அவசரத்தில் நான் 'ஒப்புதல் தரப்பட்டது' என்று எழுதவேண்டிய இடத்தில் 'வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டேன். மேலே பார்வையிட்டவரும் திருத்தவில்லை.

இரண்டு வாரங்கள் சென்றபின் எங்கள் குடியிருப்பில் வசித்த பெரியவர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பண்ருட்டிப் பக்கத்துக்காரர், தில்லியில் முப்பது வருஷம் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். "தம்பி, பணம் வழங்கியாச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. என் தங்கச்சி தோப்புல ஒரு மரம் நிக்கலை. அவளுக்கு ஒண்ணும் வரலையே, யாருக்கு வழங்கினாங்க?" என்று கேட்டார். அதற்குள் அவர் ஊருக்குத் தொலைபேசி போட்டு, பணத்தை விழுங்கிவிட்டதாகக் கிராம நிர்வாக அலுவலரோடு சண்டையும் பிடித்து முடித்திருந்தார். அந்த அலுவலர் அப்போதுதான் சேதப் பட்டியலையே எழுதிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அன்று முதல், அரசாங்கம் வெளியிடும் எண்களைப் படிக்கும்போது எண்ணுக்கு முன்னால் அதன் பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்க்கவேண்டிய இரண்டு வகை எண்களைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். ஒன்று, வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலிய பேரிடர்களுக்குப் பின் அரசாங்கம் தரும் பணத்தைப் பற்றியது. மற்றொன்று, மருத்துவமனைகளின் தரத்தைப் பற்றியது. பிறந்த மண்ணைவிட்டு வேறு மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு உறவினர் துணையில்லாமல் முடிவெடுக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பேரிடர் நிதியின் ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பேரிடர் நிதி இருக்கிறது. மத்தியிலும் ஒன்று இருக்கிறது. மாநில நிதியில் நூற்றுக்கு 75 ரூபாயை மத்திய அரசாங்கமும் 25 ரூபாயை மாநிலமும் போடுகின்றன. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் இந்தப் பங்கு 90-க்குப் 10. எத்தனை கோடி என்பதை நிதிக் கமிஷன் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரையறுக்கிறது. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாய் என்று சொன்னது. புயல் வந்தபின் கையேந்தி நிற்காமல், வருமுன்பே பெட்டியில் பணம் இருக்கவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பெட்டியில் உள்ளது போதாமற்போனால் மாநிலம் ஒரு கோரிக்கை மனுவை அனுப்பும். பல அமைச்சகங்களைச் சேர்ந்த மத்தியக் குழு வந்து சேதத்தைப் பார்வையிடும். அதன் அறிக்கை படிப்படியாக மேலே சென்று, கடைசியில் உயர்மட்டக் குழு ஒரு தொகைக்கு ஒப்புதல் தரும். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான். ஆனால் அறிக்கையில் அதைத் தொடர்ந்து, மாநில நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டு என்று ஒரு சிறு வாசகம் வரும். அந்த வாசகம் சில வேளைகளில் தலைப்பில் உள்ள எண்ணைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தாக்கியது. இரண்டு வாரத்துக்குள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது. இரண்டுக்குமாகத் தமிழ்நாடு கேட்ட தொகை ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் உயர்மட்டக் குழு ஒப்புதல் தந்தது இரண்டுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 682 கோடி. கழிவு போக உடனே விடுவிக்கப்பட்டது 276 கோடி. கேட்டது, ஒப்பியது, விடுத்தது என்று மூன்று எண்கள், மூன்றும் மெய். எந்தக் கட்சிக்காரர் எதை எடுத்துப் பேசினாலும் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. இவற்றுக்கு அப்பால், மாவட்டத்தில் செலவானது எவ்வளவு என்ற நான்காவது எண்ணும் இருக்கிறது. பெரியவரின் தங்கைக்கு வேண்டியிருந்தது அதுதான். அதைத் தணிக்கைத் துறையின் அறிக்கைகளில் தேடவேண்டும். அவை வெளிவருவதற்குச் சில வருஷங்கள் ஆகும்.

கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இத்தனை தூரம் ஏன் என்று கேட்கலாம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் உத்தியோகத்துக்குப் பொருந்தாது. காரணத்தை மட்டும் சொல்கிறேன். மாநிலம் கேட்பது பாலங்களையும் சாலைகளையும் நிரந்தரமாகத் திருத்திக் கட்டும் செலவையும் சேர்த்து. மத்திய நிதியோ நெடுங்காலம் உடனடி நிவாரணத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்த நிவாரணத்துக்கும் பொருள்வாரியாக ஓர் அட்டவணை உண்டு. 2022 முதல் 2026 வரையிலான அட்டவணைப்படி, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. இத்தொகையில் ஒரு வீடு எழும்பாது என்பது கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேசிய யாருக்கும் தெரியும். நஷ்டத்தை ஈடு செய்வதாக அட்டவணை உறுதி கூறவில்லை. கை கொடுக்கும் உதவி என்ற அளவில்தான் பேசுகிறது. 'நஷ்டஈடு' என்ற சொல்லை இந்தத் தலைப்பில் நான் எழுதுவதில்லை.

பதினைந்தாவது நிதிக் கமிஷன் இதில் ஒரு மாற்றம் செய்தது. மாநில நிதியின் மொத்தத்தில் நூற்றுக்கு 30 பங்கை மீட்புக்கும் மறுசீரமைப்புக்கும் என்று தனியே பிரித்து வைத்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் நிதானமான நடை. இமாசலப் பிரதேசத்தில் 2023-ஆம் ஆண்டின் மழை வெள்ளமும் மலைச்சரிவும் விளைத்த சேதத்துக்கு, 2,006 கோடி ரூபாய் மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது 2025 ஜூனில். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் மூடியது 2024 ஜூலை 30 அதிகாலையில். கேரளம் மறுசீரமைப்புக்குக் கேட்டது ஏறத்தாழ 2,221 கோடி. 2025 அக்டோபரில் ஒப்பியது 260 கோடி. இடைப்பட்ட மாதங்களில் மக்கள் வாடகை வீட்டிலும் உறவினர் திண்ணையிலும் காலம் தள்ளவேண்டும். அந்த மாதங்களுக்கு இந்தக் கணக்கில் பத்தி இல்லை.

வெளிமாநிலத் தமிழர்களுக்கு நெஞ்சில் தைக்கும் இடம் பெட்டிமுடி. மூணாற்றுக்கு அப்பால் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டும்போது விடிந்துவிட்டது. காணாமற்போனவர்களையும் சேர்த்து இறந்தோர் 70 பேர். பெரும்பாலோர் தென்தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்று குடியேறியவர்களின் வழிவந்தோர். இடிந்த வீட்டுக்கு இவ்வளவு என்று அட்டவணை பேசுகிறதே, அந்த லயம் யாருடைய வீடு? தொழிலாளி அதில் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்று வாழ்ந்தாலும் சுவர் கம்பெனியுடையது. குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசாங்கம் நிலம் கொடுக்க, கம்பெனி எட்டு வீடுகள் கட்டி 2021-இல் அளித்தது. அது தனியே எடுத்த முடிவு. அட்டவணையிலிருந்து தானாக விளைந்ததன்று. நம்மில் வாடகை வீட்டிலும், தொழிற்சாலைக் குடியிருப்பிலும், பிறர் நிலத்துக் குடிசையிலும் வசிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பணம் சரியாக ஒரு கட்டடமாக மாறிய கதை ஒன்றும் சொல்லவேண்டும். 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. குஜராத்தின் கச்சுப் பகுதியில் பூமி அதிர்ந்தது. அரசாங்கக் கணக்கில் இறந்தோர் 13,800-க்கும் மேல். பூஜ் நகரத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்கு ஓடியவர்கள் அங்கே கண்டது கற்குவியலை. நோயாளிகளும் தாதியரும் உள்ளேயே மாண்டனர். மிகவும் தேவைப்பட்ட அந்த மணி நேரத்தில் மருத்துவமனையே முதலில் விழுந்துவிட்டது.

1948-இல் பிரிவினை அகதிகளுக்காகத் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய நிவாரண நிதியிலிருந்து அங்கே 300 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனை எழுந்து 2004-இல் திறக்கப்பட்டது. பொதுமக்கள் நன்கொடையால் நிரம்பும் நிதி அது. நிதிக் கமிஷன் பெட்டியோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது. கட்டடத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே ஈயம் பொதிந்த ரப்பர்த் திண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பூமி வெடுக்கென்று அசைந்தாலும் மேலே உள்ள கட்டடம் மெல்ல ஆடி நிற்கும். நடுங்கும் பூமியில் நோயாளி படுத்திருக்கும் கட்டிலைக் காப்பாற்றும் வித்தை என்றே சொல்லலாம். பின்னாளில் அது மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையாகித் தனியார் அறக்கட்டளை நிர்வாகத்துக்கு வந்தது. அகமதாபாத் மணிநகரிலும் காந்திதாமிலும் உள்ள நம்மவர்கள் இதை அறிவார்கள்.

கட்டடம் நிற்கும், சரி. உள்ளே போகிறவன் பிழைத்து வருவானா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் எண் எது என்று பார்த்தால் வழி கரடுமுரடாகிறது. படுக்கை எத்தனை, டாக்டர் எத்தனை பேர், பிரசவம் எத்தனை என்பன எளிதில் எண்ணக்கூடியவை. 2008 முதல் நாடெங்கும் அரசு மருத்துவமனைகளிலிருந்து மாதந்தோறும் இத்தகைய விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன. 2013-இல் தேசியத் தர நிர்ணயம் என்ற ஏற்பாடு வந்தது. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்கள் நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, சிகிச்சை முறை, விளைவு முதலிய எட்டுத் தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள். நூற்றுக்கு 70 வாங்கிய அரசு மருத்துவமனைக்குச் சான்றிதழ் கிடைக்கும். மூன்று வருஷம் செல்லும். சுத்தத்துக்கென்று 2015-இல் காயகல்பம் என்ற பரிசுத் திட்டம் தொடங்கியது. தனியார் மருத்துவமனைகளுக்கு 2005 முதல் ஒரு தேசிய அங்கீகார வாரியம் இருக்கிறது. அதனிடம் போவது அவரவர் விருப்பம். ஆகவே சான்றிதழ் தொங்காத மருத்துவமனை மோசம் என்று முடிவு செய்வதற்கில்லை. அது கேட்காமலே இருந்திருக்கலாம்.

இறப்பு விகிதத்தை வெளியிட்டால் போதாதா என்று படித்தவர்களே கேட்பதுண்டு. இதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பாடம் இருக்கிறது. தாதியர் தொழிலின் தாயாகப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1863-இல் வெளியிட்ட மருத்துவமனைகள் பற்றிய நூலின் பதிப்பில் ஓர் அட்டவணை சேர்த்தார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 90.84 என்று அதில் இருந்தது. படித்தவர்கள் திகைத்தார்கள். கணக்கு இப்படி: 1861-ஆம் ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828, ஏப்ரல் 8-ஆம் தேதி ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்கள் 4,214. ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டார்கள். ஆண்டு முழுவதும் வந்து குணமடைந்து வீடு திரும்பிய பல்லாயிரம் பேர் கீழே வகுக்கும் எண்ணில் வரவே இல்லை. வகுத்தலில் தவறில்லை, எதை எதனால் வகுத்தார்கள் என்பதில்தான் வம்பு.

இன்னொன்றும் உண்டு. மூன்று மாவட்டங்களிலிருந்து கைவிடப்பட்ட நோயாளிகளை நள்ளிரவில் ஏற்றுக்கொள்ளும் பெரிய அரசு மருத்துவமனையில் இறப்பு மிகுதியாகத்தான் இருக்கும். கடினமான நோயாளியை வாசலிலேயே வேறிடத்துக்கு அனுப்பிவிடும் சிறு மருத்துவமனையில் இறப்பே இல்லாமலும் இருக்கலாம். நியூயார்க் மாநிலம் 1990-களிலிருந்து இதய அறுவைச் சிகிச்சையின் இறப்பு விகிதத்தை மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறது. நோயாளி வரும்போதே எவ்வளவு மோசமாக இருந்தார் என்பதைக் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டிய பிறகே வெளியிடுகிறது. நம் நாட்டில் அப்படி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சரிக்கட்டிய எண்ணைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

எண் அச்சில் வந்துவிட்டால் மெய் என்று நினைப்பவர்களுக்கு மற்றொரு செய்தி. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகளின் பெயருக்கு நேரே ஒரே தொலைபேசி எண் பதிவாகியிருந்தது: பத்து இடத்திலும் ஒன்பது. பதிவு செய்த சிப்பந்தி, காலியாக விட்டால் இயந்திரம் ஏற்காது என்று கண்டதைத் தட்டியிருப்பார் என்று எண்ணுகிறேன். தகுதியை நிர்ணயிக்கத் தொலைபேசி எண் பயன்படுவதில்லை என்று அரசாங்கம் விளக்கம் தந்தது. அது சரியே. ஆயினும் சிகிச்சை முடிந்தபின் அந்த நோயாளியைக் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று விசாரிக்க வழியில்லாமற்போகிறது.

இத்தனை குறைகளுக்கிடையே நமக்கு உடனே பயன்படும் ஒன்று மருத்துவமனைச் சுவரில் இருக்கிறது. 2010-இன் மத்தியச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில், எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அந்தந்த ஊர் மொழியிலும் ஆங்கிலத்திலும் யாவரும் காணும் இடத்தில் எழுதி வைக்கவேண்டும் என்று 2012-இன் விதிகள் கூறுகின்றன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், ஹரியானா, அஸ்ஸாம் முதலியவை இச்சட்டத்தை ஏற்றவை. மகாராஷ்டிரம், கர்நாடகம், கேரளம், மேற்கு வங்காளம் ஆகியவற்றுக்குச் சொந்தச் சட்டங்கள் உண்டு. இந்தி எழுத்துத் தெரியாதவர் ஆங்கிலப் பலகையைக் கேட்கலாம். கேட்பது சலுகை அன்று. ஆயுஷ்மான் பாரத் பயனாளியாகப் பதிவான குடும்பம், திட்டத்தில் சேர்ந்த வேறு மாநிலத்து மருத்துவமனையிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சை பெறலாம். ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருப்பதால் மட்டும் அது பம்பாயிலும் செல்லும் என்று நம்பி ரயில் ஏறவேண்டாம். 14555 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து, நம் குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நலம்.

இப்போது இரண்டு கணக்கும் பின்னிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன்.

2020 மார்ச் 14-ஆம் தேதி கொரோனா தொற்று, மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து உதவி செய்வதற்குரிய பேரிடராக அறிவிக்கப்பட்டது. அன்று வெளியான கடிதத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று இருந்தது. அதே நாளில் வந்த திருத்திய கடிதத்தில் அது இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2021 ஜூன் 30-இல் நீதிமன்றம் ஏதேனும் ஒரு தொகையை நிர்ணயிக்கும்படி கட்டளையிட, செப்டம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 50,000 ரூபாய் என்று விதித்தது. யாருடைய மரணம் கொரோனா மரணம் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதுவரை பல மாநிலங்களின் கணக்கு மருத்துவமனைத் தாளில் எழுதிய காரணத்தைப் பின்பற்றியது. சர்க்கரை நோயாளியோ இதய நோயாளியோ தொற்றோடு இறந்தால், காரணம் சர்க்கரை என்றோ இதயம் என்றோ எழுதிவிடுவதும் உண்டு. புதிய விதியோ, தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்தவர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தாலும் கணக்கில் சேரலாம் என்றது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதை மட்டும் காட்டி உதவியை மறுக்கக்கூடாது என்று 2021 அக்டோபர் 4-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

விளைவைப் பாருங்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த விவரப்படி, குஜராத்தில் அதிகாரபூர்வமான கொரோனா மரணங்கள் 10,000-க்குச் சற்று மேல். அதே மாநிலத்தில் உதவித் தொகைக்காக ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் 68,000-க்கும் மேல். ஒரே நோய், ஒரே மண், ஒரே அரசாங்கம். சுகாதாரத் துறையின் எண்ணும் நிவாரணத்தின் எண்ணும் ஆறு மடங்குக்கு மேல் விலகி நிற்கின்றன. முதல் எண்ணை மட்டும் படித்து, நம் வீட்டு மரணம் கணக்கில் இல்லை போலும் என்று வாளாவிருந்த குடும்பம் 50,000 ரூபாயை இழந்திருக்கும். விதியைப் படித்து விண்ணப்பித்த குடும்பம் பெற்றிருக்கும். மறுக்கப்பட்டவர்கள் முறையிட மாவட்டந்தோறும் ஒரு குழுவும் இருந்தது. அதில் டாக்டர்கள் அமர்ந்து மருத்துவமனைத் தாள்களைப் பார்த்தார்கள். தாள் இருந்தால்தானே பார்ப்பார்கள்!

புயலிலும் வெள்ளத்திலும் இதே நிலைதான். உயிரிழப்புக்குரிய 4 லட்சத்துக்கு, மரணத்தின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்கவேண்டும். காயம்பட்டு ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தவருக்கு 16,000 ரூபாய் என்று அந்த அட்டவணையில் உண்டு. அதன் கீழேயே, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவருக்கு இத்தொகை இல்லை என்ற குறிப்பும் உண்டு. எந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டோம் என்று மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். சிகிச்சைச் சுருக்கத் தாளை வாங்காமல் ஊருக்கு ரயிலேறி, பிறகு தமிழ்நாட்டிலிருந்து கடிதம் எழுதித் திண்டாடியவர்களை நான் அறிவேன்.

சேதப் பட்டியலை எழுதுகிற மனிதர் ஊருக்கு ஊர் வேறு பெயரில் இருக்கிறார். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தலாட்டி. உத்தரப் பிரதேசத்தில் லேக்பால். இமாசலத்திலும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பட்வாரி. நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரின் வேலைதான். அவர் வரும் நாளில் கதவு பூட்டியிருந்தாலும், மொழி தெரியாமல் நாம் ஒதுங்கி நின்றாலும் பெயர் விடுபடும். பிறந்த மாநிலத்தைப் பார்த்து நிவாரணம் தருவதில்லை; பாதிக்கப்பட்ட இடத்தில் வைத்தே தருகிறார்கள். ஆகவே வாடகைச் சீட்டோ, மின்சார ரசீதோ, முதலாளி தந்த கடிதமோ, அந்த ஊரில் வசிக்கிறோம் என்று காட்டும் தாள் ஒன்று தகரப் பெட்டியில் இருக்கட்டும். வெள்ளத்தில் நனையாத உறையில் இருந்தால் இன்னும் நல்லது.

பண்ருட்டிப் பெரியவரிடம் நான் அன்றே என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் மறுபடி ஊருக்குத் தொலைபேசி போட்டு அந்த அலுவலரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்பதற்கு நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டார், இருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் படியில் சந்தித்தபோது, தங்கைக்குப் பணம் வந்துவிட்டதாகச் சொன்னார். எந்தத் தலைப்பில், மரத்துக்கா வீட்டுக்கா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மேலே ஏறிப் போனார்.